குரோமர் மீட்புப் படகின் சுக்கானி ஹென்றி பிளாக்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், நார்ஃபோக் மாவட்டத்தின் வடகரையில், குரோமர் என்றொரு சிற்றூர் இருக்கிறது. நண்டுக்குப் பேர்போன ஊர். வெயில் காலத்தில் கூட்டம் நிரம்பியும் குளிர்காலத்தில் வெறிச்சோடியும் கிடக்கும் அந்த ஊரில் மீன்பிடித்துப் பிழைத்த ஹென்றி பிளாக் என்பவர், 1894 முதல் 1947 வரை 53 ஆண்டுகள் மீட்புப் படகில் தன்னார்வத் தொண்டராக இருந்தார். அவற்றில் கடைசி 38 ஆண்டுகள் அந்தப் படகின் சுக்கானியாக, அதாவது படகுக்கும் அதிலுள்ள அத்தனை பேருக்கும் பொறுப்பேற்ற தலைவராகப் பணியாற்றினார். அவர் பங்கேற்ற 387 மீட்புப் பயணங்களில் 873 பேர் உயிரோடு கரை சேர்ந்தார்கள். பிரிட்டனின் மீட்புப் படகு வரலாற்றில் அவரளவுக்குப் பதக்கங்கள் பெற்ற படகோட்டி வேறு எவரும் இல்லை.

நார்ஃபோக்கின் பெரிய நகரமான நார்விச்சில் குடியேறிய பிறகுதான் இவர் பெயரை நான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். அதன்பின் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இவரை அறிமுகப்படுத்தும் குறிப்புகள் பலவும் சொல்லும் ‘கடலுக்கு அஞ்சாத மாவீரர்’ என்ற சொற்றொடர் இவருக்குப் பொருந்தவில்லை என்றே எனக்குப் பட்டது. கடலுக்கு அஞ்சாதவரை நம்பி ஒரு டஜன் குடும்பத் தலைவர்கள் அரை நூற்றாண்டுக் காலம் படகில் ஏறியிருக்க மாட்டார்கள். பிளாக்கின் துணிவு முழுவதும் முடிவெடுப்பதில் இருந்தது. இப்போது போகலாமா, பொறுக்கலாமா, எந்தப் பக்கமாக நெருங்குவது, தோற்றுத் திரும்பிய அதே ஆட்களை மறுபடியும் அழைப்பதா என்ற கேள்விகளுக்கு, தன் உயிரோடு பிறர் உயிரையும் சேர்த்துவைத்து அவர் விடை சொல்ல வேண்டியிருந்தது. நான் இங்கே எழுத விரும்புவது அதைப் பற்றித்தான்.

முதலில் அந்தக் கடலைச் சொல்லிவிடுகிறேன். நார்ஃபோக் கரைக்கு வெளியே வடகடலின் அடியில் மணல் மேடுகள் வரிசையாகப் படுத்துக் கிடக்கின்றன. அவற்றில் மிகக் கொடியது ஹேஸ்பரோ மணல்திட்டு. ஏறக்குறைய பத்து மைல் நீளமுள்ள அந்தத் திட்டு கரையிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. கடல்நீர் இறங்கும் வற்று வேளையில்கூட அதன் பெரும்பகுதிக்கு மேல் கொஞ்சம் நீர் நிற்கும். ஆனால் அந்த ஆழம் ஒரு சரக்குக் கப்பலுக்குப் போதாது. லண்டனுக்கும் வடக்கே நிலக்கரி ஏற்றும் துறைமுகங்களுக்கும் இடையே ஓடிய கப்பல்கள் எல்லாம் இந்தத் திட்டுகளை ஒட்டியே போக வேண்டியிருந்தது. புயலில் திசை பிசகிய கப்பல் மணலில் ஏறிவிட்டால், நடுப்பகுதி மணலில் ஊன்றிக்கொள்ள, முன்னும் பின்னும் அலை தூக்கித் தூக்கிப் போட்டு, சில மணி நேரத்தில் முதுகெலும்பு முறிந்துவிடும். அருகிலுள்ள ஹேமண்ட் நோல் என்ற திட்டில் 1801ஆம் ஆண்டு ‘இன்வின்சிபிள்’ என்ற போர்க்கப்பல் மோதி உடைந்தபோது 400 பேருக்கு மேல் மாண்டார்கள். பிளாக்கின் வாழ்க்கையில் இந்த இரண்டு பெயர்களும் திரும்பத் திரும்ப வரும்.

அவர் பிறந்தது 1876 பிப்ரவரி 6ஆம் நாள். தாய் மணமாகாதவர். பாட்டன் பாட்டி வீட்டில் வளர்ந்தார். பின்னர் தாயை மணந்த ஜான் டேவிஸ் என்ற மீனவர்தான் அவருக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர். சிறுவயதிலேயே பள்ளியை விட்டு வலையும் நண்டுக் கூடுமாகக் கடலுக்குப் போய்விட்டார். நண்டுப் பருவத்தில் கூடுகளை இறக்கி ஏற்றுவது, குளிர்காலத்தில் தூண்டில் கயிறு விட்டு மீன் பிடிப்பது, கோடையில் ஊருக்கு வரும் விருந்தாளிகளுக்குக் கடற்கரையில் சாய்வு நாற்காலிகளை வாடகைக்கு விடுவது என்று ஆண்டு முழுவதும் ஓடும் பிழைப்பு. குடிப்பதும் இல்லை, புகைப்பதும் இல்லை. அதிகம் பேசவும் மாட்டார். 1901இல் ஆன் என்ற பெண்ணை மணந்தார். பிறந்த இரு குழந்தைகளில் மகன் சிறுவயதிலேயும் மகள் இளவயதிலேயும் இறந்துபோனார்கள். இந்தத் துயரத்தைப் பற்றி அவர் வெளியே பேசியதாகத் தெரியவில்லை. அவருக்கு நீச்சல் தெரியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்தத் தலைமுறை மீனவர்கள் பலருக்கும் தெரியாது; அந்தக் குளிர் நீரில், கனத்த உடுப்போடு விழுந்தவனுக்கு நீச்சல் பெரிதாக உதவவும் செய்யாது.

மீட்புப் படகுப் பணியைப் பற்றியும் கொஞ்சம் விளக்க வேண்டும். 1824இல் தொடங்கப்பட்ட ஆர்.என்.எல்.ஐ. என்ற அறக்கட்டளைதான் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் மீட்புப் படகுகளை நடத்துகிறது. இன்றும் அது பெரும்பாலும் மக்கள் தரும் நன்கொடையிலேயே நடக்கிறது. படகில் ஏறுபவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள். பயணத்துக்கு ஒரு சிறு தொகை கிடைத்தாலும் அதை நம்பி எவரும் பிழைக்க முடியாது. அந்தக் காலத்தில், ஒரு கப்பல் ஆபத்தில் இருப்பதை அறிவிக்கும் வேட்டு வெடித்தால் வலையைப் போட்டுவிட்டு, சாப்பாட்டை விட்டுவிட்டு, படகுக் கொட்டகைக்கு ஓடி வர வேண்டியிருந்தது. முதலில் வந்தவர்களுக்கு உயிர்காப்பு அங்கி கிடைத்தது, அவர்கள் ஏறினார்கள். குரோமரில் ஏறியவர்களில் பெரும்பாலோர் அண்ணன், தம்பி, மாமன், மருமகன் என்று நெருங்கிய உறவினர்கள். டேவிஸ், பிளாக், ஆலன், ஹாரிசன் என்று ஒரு சில குடும்பப் பெயர்களே பட்டியலில் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஆகவே சுக்கானியின் முடிவு தவறினால் ஒரு தெருவே தாலியறுக்கும் என்பது வெறும் பேச்சு அல்ல. பிளாக் 1902இல் துணைச் சுக்கானியாகவும் 1909இல் சுக்கானியாகவும் ஆனது இத்தகைய ஊரில்தான்.

அவரை நாடறியச் செய்த நாள் 1917 ஜனவரி 9. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஊரின் இளைஞர்கள் படையில் இருந்தார்கள். எஞ்சியிருந்த படகோட்டிகளில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். அப்போது குரோமரில் இருந்தது ‘லூயிசா ஹார்ட்வெல்’ என்ற படகு. எஞ்சின் கிடையாது, 14 துடுப்புகளும் பாயும் மட்டுமே. அதைச் சக்கர வண்டியில் ஏற்றி, ஊராரும் படைவீரர்களும் கயிற்றைப் பிடித்து இழுத்து, தாங்களே தோளளவு நீரில் இறங்கி நின்று தள்ளினால்தான் கரையில் உடையும் அலைகளைத் தாண்டும்.

வடகிழக்கிலிருந்து புயல் நேரே கரையை நோக்கி அடித்துக்கொண்டிருந்த அந்தப் பகலில், ‘பைரின்’ என்ற கிரேக்கக் கப்பல் ஆபத்தில் இருந்தது. பலமுறை முயன்று படகை இறக்கி, துடுப்பு வலித்துப் போய், அதிலிருந்த 16 பேரையும் இறக்கிக்கொண்டு திரும்பினார்கள். கைகள் மரத்து, உடல் நனைந்து, எழ முடியாத நிலையில் அந்த முதியவர்கள் இருந்தபோதே இரண்டாவது கப்பலின் சேதி வந்தது. ‘ஃபெர்னெபோ’ என்ற ஸ்வீடன் நாட்டுக் கப்பல் பெரும் வெடிப்பில் இரண்டாகப் பிளந்துவிட்டது. சிறு படகொன்றில் கரைசேர முயன்ற அதன் மாலுமிகள் ஆறு பேர் கரையருகே கவிழ்ந்தார்கள். ஸ்டூவர்ட் ஹோம்ஸ் என்ற படைவீரர் முன்நிற்க, கரையிலிருந்தவர்கள் கைகோத்துச் சங்கிலியாக நீரில் இறங்கி அந்த ஆறு பேரையும் பிடித்து இழுத்தார்கள். பிளந்த கப்பலின் இரு துண்டுகளும் கரைப்பக்கம் அடித்து வரப்பட்டன. அவற்றில் ஒன்றில் ஆட்கள் இருந்தார்கள்.

இருட்டிவிட்டது. கரையிலிருந்து வெடிவாணத்தில் கயிறு கட்டி ஏவிப் பார்த்தார்கள், எட்டவில்லை. பிளாக் தன் ஆட்களைக் கேட்டார், அவர்கள் வந்தார்கள். படகை இறக்கி அரை மணி நேரத்துக்கு மேல் துடுப்பு வலித்தும், அலைகள் அவர்களை அப்படியே திருப்பிக் கரையில் கொண்டுவந்து போட்டன. ஓய்வுக்குப் பிறகு மீண்டும் இறங்கினார்கள். இம்முறை கப்பலை நெருங்கும் வேளையில் ஒரு பேரலை படகை அடித்தது. ஐந்து துடுப்புகள் முறிந்தன, மேலும் மூன்றை அலை பறித்துக்கொண்டது. மறுபடியும் கரை. மாற்றுத் துடுப்புகளைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை இறங்கினார்கள். ராணுவத்தின் தேடொளி விளக்குகள் கப்பலின் மீது விழுந்திருக்க, அந்த வெளிச்சத்தில் 11 பேரையும் இறக்கிக்கொண்டு நள்ளிரவையொட்டிக் கரை சேர்ந்தார்கள். பகலில் முதல் அழைப்பு வந்ததிலிருந்து ஏறக்குறைய 14 மணி நேரம்.

இந்த நிகழ்ச்சியை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நிற்பது கடைசி வெற்றியில் அல்ல, முறிந்த துடுப்புகளோடு கரையில் ஒதுங்கிய அந்த இடைவேளையில்தான். மீட்புப் பணியில் எவருக்கும் கட்டளையிட முடியாது. அந்த முதியவர்களில் எவரும் ‘இனி என்னால் ஆகாது’ என்று சொல்லியிருந்தால் ஊரில் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ‘ஒருமுறை போய்ப் பார்த்தாயிற்று’ என்று பிளாக்கே சொல்லியிருந்தாலும் ஏற்றுக்கொள்ளத்தக்க பதில்தான். 40 வயதுக்காரரான அவர் தன்னைவிட மூத்தவர்களிடம் மறுபடி போகலாம் என்றபோது, அவர்கள் எழுந்து நின்றதற்குக் காரணம் அன்றைய ஒரு பேச்சு இல்லை. அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளில் அவர் வீணாக எவரையும் ஆபத்தில் தள்ளியதில்லை என்ற நம்பிக்கை. அன்றைய மீட்புக்காக அவருக்கு ஆர்.என்.எல்.ஐ.யின் தங்கப் பதக்கம் கிடைத்தது. துணைச் சுக்கானிப் பொறுப்பில் இருந்த வில்லியம் டேவிஸுக்கும், படைவீரர் ஹோம்ஸுக்கும் வெள்ளிப் பதக்கம். மற்ற படகோட்டிகள் ஒவ்வொருவருக்கும், அந்த ஆண்டு புதிதாக ஏற்படுத்தப்பட்ட வெண்கலப் பதக்கம். சுக்கானியைப் புகழும்போது துடுப்புப் பிடித்தவர்களை மறந்துவிடும் வழக்கம் பரவலாக இருப்பதால், அந்த வெண்கலப் பதக்கங்களை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

1923இல் குரோமருக்கு எஞ்சின் படகு வந்தது. கடலுக்குள் நீண்டிருக்கும் பாலத்தின் முனையில் புதுக் கொட்டகை கட்டி, அங்கிருந்து சரிவில் வழுக்கி நேரே ஆழ்நீரில் இறங்கும்படி செய்தார்கள். ஒரு வணிகர் எழுதிவைத்துப் போன சொத்தில் கட்டப்பட்டதால் அதற்கு ‘எச்.எஃப். பெய்லி’ என்று அவர் பெயரையே இட்டார்கள். அடுத்தடுத்து வந்த படகுகளுக்கும் அதே பெயர் தொடர்ந்தது. எஞ்சின் வந்ததால் வேலை எளிதாகிவிட்டது என்று எண்ணக் கூடாது. துடுப்புப் படகு எட்ட முடியாத ஹேஸ்பரோ திட்டுக்கு இனி போகலாம் என்றாயிற்று. ஆகவே போக வேண்டியதாயிற்று. 1927 நவம்பரில் ‘ஜார்ஜியா’ என்ற டச்சு எண்ணெய்க் கப்பல் அந்தத் திட்டில் இரண்டாக முறிந்தது. ஒரு பாதி ஆட்களோடு மிதந்து போய்விட, அதிலிருந்தவர்களை வேறொரு கப்பல் மீட்டது. மறுபாதியில் சிக்கியிருந்த 15 பேரை பிளாக் இறக்கினார். இரண்டாவது தங்கப் பதக்கம் அதற்காக.

இடிந்த கப்பலை நெருங்குவது எப்படி என்பதை அறியாமல் இந்தப் பதக்கங்களுக்குப் பொருள் புரியாது. காற்றுக்கு மறைவான பக்கத்தில் நீர் சற்று அடங்கியிருக்கும், ஆனால் அங்கேதான் முறிந்த பாய்மரமும் அறுந்த கம்பியும் மிதக்கும் சரக்கும் சேர்ந்து கிடக்கும். படகை உந்தும் சுழலியில் ஒரு கயிறு சுற்றினால் அதன் எஞ்சின் செத்துவிடும். காற்றுப் பக்கமாகப் போனால் அலை படகைக் கப்பலின் மீதே தூக்கி எறியும். ஆழம் குறைந்த இடத்தில் அலை இறங்கும்போது படகின் அடி மணலில் இடிக்கும். மணல்திட்டின் மேல் நீரோட்டம் வேறு குறுக்கே பாயும். அது கடல்நீர் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே சிறிது நேரம் மட்டும் அடங்கும். இத்தனையையும் கணக்கில் கொண்டு, எஞ்சினை முன்னோக்கி ஓடவிட்டு, படகின் முனையைக் கப்பலின் உடம்போடு அழுத்திப் பிடித்து, படகு உயரும் நொடியில் ஒருவர் குதிக்க, அடுத்த உயர்வில் இன்னொருவர் குதிக்க, அப்படியே எல்லோரும் வரும்வரை நிறுத்தி வைக்க வேண்டும். பலமுறை அலை படகைப் பிய்த்து எறியும். சுற்றி வந்து மறுபடி முட்ட வேண்டும்.

ஊரார் இதைக் கண்ணால் பார்த்தது 1933 டிசம்பர் 13ஆம் நாள். ‘செப்பாய்’ என்ற பாய்மரச் சரக்குப் படகு குரோமர் கரைக்கு மிக அருகிலேயே மணலில் ஏறி நீரில் மூழ்கிவிட்டது. அதிலிருந்த இரண்டு பேர் பாய்மரக் கயிறுகளில் ஏறித் தொங்கிக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் படகோ அப்போது வேறொரு அழைப்புக்காகத் தொலைவில் இருந்தது. ஊரிலிருந்த துடுப்புப் படகை இறக்கிப் பார்த்தார்கள். கடல் அதைத் திருப்பி எறிந்தது. பிளாக் வந்து சேர்ந்தபோது, பக்கவாட்டில் ஒட்டி நிற்க முடியாத நிலை. அவர் தன் படகை நேராக மூழ்கிய படகின் மேலேயே ஏற்றினார். ஒருமுறை ஏற்றியபோது ஒருவரைப் பறித்துக்கொண்டார்கள். அலை பின்னுக்கு இழுத்தது. மறுபடியும் ஏற்றி அடுத்தவரையும் எடுத்தார்கள். பிறகு படகைக் கொட்டகைக்குக் கொண்டுபோக முயலாமல் நேரே கடற்கரை மணலில் ஓடவிட்டு நிறுத்தினார். கரையில் திரண்டிருந்த கூட்டத்துக்கு அதுவரை பதக்கங்களின் பெயராக மட்டுமே தெரிந்தது அன்று கண்முன் நடந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, ‘மோண்டே நெவோசோ’ என்ற இத்தாலியக் கப்பலிலிருந்து மாலுமிகளை மீட்டபின், கைவிடப்பட்ட அந்தக் கப்பலில் தனியாகக் கிடந்த பெரிய நாயொன்றையும் அவர் கொண்டுவந்து தானே வளர்த்தார். அதற்காக நாய்கள் பாதுகாப்புச் சங்கம் ஒன்று அவருக்கு ஒரு வெள்ளிப் பதக்கம் தந்தது. இந்தக் கதை எல்லோருக்கும் பிடிக்கிறது, எனக்கும்தான். ஆனால் அவரைப் பற்றிய சிறு குறிப்புகள் பலவற்றில் நாய்க்குக் கிடைக்கும் இடம் ஃபெர்னெபோவுக்குக் கிடைப்பதில்லை என்பது எனக்கு வருத்தமே.

இரண்டாம் உலகப் போரின்போது கரைவிளக்குகள் மங்கலாக்கப்பட்டன, கண்ணிவெடிகள் விதைக்கப்பட்டன, கப்பல்கள் அணியணியாக இருளில் ஓடின. 1941 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியுமுன், அத்தகைய ஓர் அணி வடமேற்குப் புயலில் வழிதவறி, அதிலிருந்த ஆறு வணிகக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஹேஸ்பரோ திட்டில் ஏறின. காவலாக வந்த சிறு போர்க்கப்பலொன்றும் அழிந்தது. காலையில் சேதி கிடைத்து பிளாக் போய்ச் சேர்ந்தபோது ‘ஆக்ஸ்ஷாட்’ என்ற கப்பலின் உடல் நீருக்குள் போய்விட்டது. மேற்கட்டும் புகைப்போக்கியும்தான் தெரிந்தன. 16 பேர் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நிற்கக் கயிறு கட்டவும் இடமில்லை. அந்தக் கப்பலின் இரும்புத் தகட்டில் ஒரு பெரிய பிளவு இருந்ததை பிளாக் கண்டார். தன் மரப்படகின் முனையை அந்தப் பிளவுக்குள் செலுத்தி, எஞ்சின் விசையால் அங்கேயே இறுக்கிப் பிடித்தார். அலை பிடுங்கிப் போடும், அவர் மீண்டும் செருகுவார். இப்படியே 16 பேரையும் எடுத்தபின் ‘கால்வா’ என்ற பிரெஞ்சுக் கப்பலுக்குப் போய் 31 பேரை ஏற்றினார். அவர்களை வேறொரு கலத்துக்கு மாற்றிவிட்டு மற்றக் கப்பல்களுக்குத் திரும்பினார். நீர் வற்றிக்கொண்டிருந்ததால் படகு மணலில் இடித்தது, பலகைகள் சேதமடைந்தன. அன்று கடலில் 37 பேர் இறந்தார்கள். காப்பாற்றப்பட்ட 119 பேரில் 88 பேரை ஏற்றியது பிளாக்கின் படகு ஒன்றே. அவருக்கு வயது 65. மூன்றாவது தங்கப் பதக்கமும் பிரிட்டிஷ் பேரரசுப் பதக்கமும் அதற்காக வந்தன.

இத்தோடு நிறுத்தினால் இது வெற்றிக் கதையாக முடிந்துவிடும். ஆனால் அவரைப் புரிந்துகொள்ள எனக்கு மிகவும் உதவியது, அதே ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் நடந்தது. ‘இங்கிலீஷ் டிரேடர்’ என்ற கப்பல் ஹேமண்ட் நோல் திட்டில் மாட்டிக்கொண்டது. பிளாக் போய்ச் சேர்ந்து, பல முறை சுற்றிப் பார்த்து, நீரோட்டம் அடங்கும் வேளைக்காகக் காத்திருந்தார். கப்பலின் நிலை மோசமாகிக்கொண்டே போவதைக் கண்டு, அந்த வேளை முழுதாக வருமுன்னே நெருங்க முடிவுசெய்தார். நெருங்கும்போது பக்கவாட்டில் எழுந்த ஒரு பேரலை படகை அப்படியே சாய்த்துவிட்டது. அந்த வகைப் படகு கவிழ்ந்தால் தானாக நிமிராது. நிமிரும் வகையைவிட உறுதியாக மிதக்கும் வகையே வேண்டும் என்று அந்தக் கரையின் படகோட்டிகள் விரும்பி ஏற்ற படகு அது. இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தால் எல்லோரும் போயிருப்பார்கள். படகு நிமிர்ந்தபோது பிளாக் உட்பட ஐந்து பேர் கடலில் இருந்தார்கள். படகில் மிஞ்சியவர்களில் ஒருவர் ஒரு நொடியும் தாமதிக்காமல் சுக்கானைப் பற்றித் திருப்பி, முதலில் பிளாக்கையும் பிறகு மற்றவர்களையும் தேடி எடுத்தார். கடைசியாகக் கிடைத்தவர் எட்வர்ட் ஆலன் என்ற சைகையாளர். படகில் ஏற்றிய சற்று நேரத்தில் அவர் உயிர் பிரிந்துவிட்டது.

இரு சுழலிகளில் ஒன்றில் கயிறு சுற்றிக்கொண்டிருக்க, தன் ஆள் ஒருவரின் உடலோடு, மற்றவர்கள் குளிரில் விறைத்திருக்க, பிளாக் படகை கிரேட் யார்மத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார். அங்கே உடுப்பை மாற்றி, படகைச் சரிசெய்து, விடியுமுன்னே மறுபடி புறப்பட்டார். அவரோடு அவருடைய ஆட்களும் புறப்பட்டார்கள். காற்று திசை மாறிக் கடல் கொஞ்சம் தணிந்திருந்தது. அரை மணி நேரத்துக்குள் 44 பேரையும் இறக்கிக்கொண்டு குரோமருக்குத் திரும்பினார்கள்.

முந்தைய நாள் நெருங்கிய முடிவு சரியா தவறா என்று கரையில் உட்கார்ந்து வாதிடலாம். இன்னும் சிறிது பொறுத்திருந்தால் ஆலன் பிழைத்திருக்கலாம். பொறுத்திருக்கும்போதே கப்பல் உடைந்திருந்தால் 44 பேரும் மாண்டிருக்கலாம். எனக்குத் தோன்றுவது இதுதான்: தன் முடிவினால் ஓர் உயிர் போனதைத் தன் கண்முன் கண்டவருக்கு மறுநாள் அதே இடத்துக்குப் போவது முதல் நாள் போனதைவிடப் பலமடங்கு கடினம். முதல் நாள் அவரிடம் அனுபவத்தின் துணையிருந்தது. இரண்டாம் நாள் அந்த அனுபவத்தின் மீதே ஐயம் எழுந்திருக்கும். அந்த ஐயத்தோடு, 65 வயதில், முந்தைய நாள் கடலில் விழுந்து எழுந்த உடலோடு அவர் சுக்கானைப் பிடித்தார். அவர் பெற்ற நான்கு வெள்ளிப் பதக்கங்களில் கடைசியானது அந்த மீட்புக்குக் கிடைத்தது. மூன்று தங்கத்தையும்விட அந்த வெள்ளியையே நான் உயர்வாக நினைக்கிறேன்.

1924இல் அவர் பெற்ற பேரரசு வீரப் பதக்கம், 1940இல் ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய வீர விருது ஏற்படுத்தப்பட்டபின் அதற்கு மாற்றித் தரப்பட்டது. செய்தியாளர்களிடம் பேச அவருக்குப் பிடிக்காது. பாராட்டுக் கூட்டங்களை முடிந்தவரை தவிர்த்தார். மற்றவர்கள் 60 வயதில் ஓய்வுபெறும் பணியில் அவரை 71 வயதுவரை வைத்திருந்தார்கள். 1947இல் அவர் இறங்கியபோது, ‘ஷ்ரிம்ப்’ என்று ஊரார் அழைத்த அவருடைய மருமகன் முறையான ஹென்றி டேவிஸ் சுக்கானியாகி 1976 வரை நீடித்தார். எச்.எஃப். பெய்லிக்குப் பிறகு குரோமருக்கு வந்த படகுக்கு ‘ஹென்றி பிளாக்’ என்றே பெயரிட்டார்கள். தன் பெயர் தாங்கிய படகு கடலில் இறங்குவதைக் கண்டபின், 1954 ஜூன் 13ஆம் நாள் பிளாக் காலமானார்.

நார்விச்சிலிருந்து ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் குரோமர் வந்துவிடும். இந்தப் பக்கம் வரும் தமிழர்கள் நண்டு சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடாமல், பாலத்துக்குக் கிழக்கே கடற்கரையோரமாக இருக்கும் ஹென்றி பிளாக் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 1935 முதல் 1945 வரை குரோமரில் நின்று 500க்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்த எச்.எஃப். பெய்லி படகே அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. 46 அடி நீளம். பார்ப்பதற்குப் பெரிதாகவே இருக்கும். பின்பக்கமாகப் போய், சுக்கானி நின்ற இடத்திலிருந்து முன்முனை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். அலையும் தூறலும் கண்ணை மறைக்க, அந்தத் தூரத்துக்கு அப்பாலிருந்த முனையைத்தான் அவர் ஆக்ஸ்ஷாட்டின் பிளவுக்குள் திரும்பத் திரும்பச் செருகினார். அதைப் பார்த்தபின் பாலத்தின் முனைக்கும் நடந்து போங்கள். 2008 முதல் அங்கே ‘லெஸ்டர்’ என்ற படகு பணியில் இருக்கிறது, அதில் ஏறுபவர்களிலும் பெரும்பாலோர் தன்னார்வத் தொண்டர்கள்தான்.